செங்காவின் சீட்டும் இரண்டாம் தேதியும்

ஸ்காட்லாந்தின் கிரீனக் ஊர் ரொட்டி ஆலையில் யாரிடம் போய் செங்கா கில்கிறிஸ்ட்டைப் பற்றிக் கேட்டாலும், முதலில் அவளுடைய சீட்டைப் பற்றித்தான் சொல்வார்கள். பன்னிரண்டு பெண்கள், தலைக்கு மாதம் ஐம்பது பவுண்டு, மாதம் ஒருத்திக்கு மொத்தமாக அறுநூறு. யாருக்கு எந்த மாதம் என்பதைச் சாப்பாட்டு அறையில் மாவுத் தொப்பிக்குள் காகிதத் துண்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். செங்கா பொறுப்பேற்று ஒன்பது வருடம் ஆகிறது. ஒரு மாதமும் பணம் தள்ளிப் போனதில்லை, ஒரு பென்னி குறைந்ததும் இல்லை.

அந்தப் பக்கத்தில் ஒருவனைக் கையாலாகாதவன் என்று சொல்ல வேண்டுமென்றால், "இவனை நம்பி ஒரு சீட்டு நடத்த முடியுமா?" என்று கேட்பார்கள். பிரதமரைத் திட்டுவதற்கும் அதே வார்த்தைதான், கால்பந்துக் குழுவின் மேலாளரைத் திட்டுவதற்கும் அதேதான். செங்காவை மட்டும் யாரும் அப்படிச் சொல்ல முடியாது. அது அவளுக்கும் தெரியும். தெருவில் கொஞ்சம் நிமிர்ந்தே நடப்பாள்.

பதினாறு வயதில் பள்ளியை விட்டு ஆலைக்குள் வந்தவள் அவள். இப்போது ஐம்பத்திரண்டு. மாவு எடை போடும் மேடையில் தொடங்கி அதே மேடைக்கு மேற்பார்வையாளராக வந்திருக்கிறாள். கணவர் எண்ணெய்க் கிணற்று வேலைக்கு ஆபர்டீன் போனவர், அங்கே இன்னொரு வீட்டுச் சாப்பாடு பழகிப்போய்த் திரும்பவில்லை. செங்கா அதற்காக ஒரு வாரம் அழுதாள். பிறகு அவருடைய மீன்பிடி சாமான்களை விற்று நல்ல சலவை இயந்திரம் ஒன்று வாங்கிப் போட்டாள். அக்காள் நெட்டாவுக்குத் தங்கையைப் பற்றிப் பெருமை தாங்காது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும், அடுத்த நிறுத்தம் வருவதற்குள் செங்காவின் சீட்டுக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் இறங்குவார். நேரில் மட்டும் ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டாள்.

சீட்டுக்கு விதிகள் அதிகம் இல்லை. ஆனால் ஜனவரிச் சீட்டுக்கு ஒரு தனி விதி உண்டு. வருடக் கடைசி ராத்திரி மணி அடித்து, கொண்டாட்டம் எல்லாம் ஓய்ந்து, இரண்டாம் தேதி ஆன பிறகுதான் பணம் கைக்கு வரும். இது ரீட்டாவால் வந்த விதி. ஒரு வருடம் ரீட்டா தன் சீட்டை டிசம்பர் முப்பதாம் தேதியே வாங்கிக்கொண்டாள். மணி அடித்தபோது மதுக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் அவள் செலவில் விஸ்கி. புத்தாண்டன்று மத்தியானம் கண் விழித்தபோது பணம் இல்லை. கட்டில் பக்கத்தில் யாரிடமோ விலைக்கு வாங்கிய பேக்பைப் ஒன்று கிடந்தது. அவளுக்கு அதை ஊதவும் தெரியாது. அதற்குப் பிறகு யார் எவ்வளவு கெஞ்சினாலும் செங்கா அசைவதில்லை.

இந்த வருடம் ஜனவரிச் சீட்டு எஃபி ரான்கினுக்கு விழுந்திருந்தது. ரொட்டி அடுப்புப் பக்கம் வேலை பார்ப்பவள், முப்பத்துநாலு வயது. இலையுதிர் காலத்தில் மேட்டுத் தெருவுக்குக் குடிபோனதிலிருந்து அவளுடைய பழைய கார் முனகிக்கொண்டே இருந்து, டிசம்பரில் ஒரேயடியாக மூச்சை விட்டது. ஆலையில் வேலை தொடங்குவது விடியற்காலை நாலு மணிக்கு. அந்நேரத்துக்கு மேட்டிலிருந்து பேருந்து கிடையாது. வாடகைக் காரில் போனால் பாதிச் சம்பளம் அதற்கே போகும். நடந்து வந்து இரண்டு முறை தாமதமாகி, மேலாளர் எச்சரித்தும் விட்டார். இந்த நிலையில்தான் பக்கத்து ஊரான லார்க்ஸில் மக்ஃபேடன் என்ற கிழவர் தன் காரை விற்கப் போவதாகத் தெரிந்தது. பாதிப் பணம் எஃபி சேர்த்து வைத்திருந்தாள். மீதி, சீட்டு. இரண்டாம் தேதி மாலை ஆறு மணிக்குக் காரைக் கொண்டுவந்து விடுகிறேன், இல்லாவிட்டால் கூரொக் ஊரில் ஒருத்தன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று கிழவர் சொல்லிவிட்டார்.

செங்கா எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். இதுவரை சீட்டுப் பணம் ஷார்ட்பிரெட் பிஸ்கட் டப்பாவில்தான் இருக்கும். இந்த வருடம் பெண்கள் எல்லோரும் கைபேசியிலேயே பணம் அனுப்பத் தொடங்கியதால், அது அவளுடைய வங்கிக் கணக்கிலேயே வந்து சேர்ந்தது. வீட்டு வரியும் மின்சாரக் கட்டணமும் ஒன்றாம் தேதி டைரக்ட் டெபிட்டில் தானாகப் போவதும் அதே கணக்கிலிருந்துதான். ஒன்றாம் தேதி விடுமுறை, வங்கி எடுக்காது. இரண்டாம் தேதியும் விடுமுறை. ஆக, மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமைதான் எடுப்பார்கள். வெள்ளிக்கிழமை விடிவதற்குள் வாரச் சம்பளம் வந்துவிடும். வரிக்கு வரி, எஃபிக்குக் கார். கிறிஸ்துமஸுக்கு அக்காள் வீட்டுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் தாராளமாகவே செலவழித்துவிட்டு நிம்மதியாக இருந்தாள்.

இரண்டாம் தேதி காலை எழுந்து, தேநீர் போட்டு, நேற்று மிஞ்சிய ஸ்டேக் பை என்னும் மாட்டிறைச்சி அப்பத்தில் ஒரு துண்டைச் சூடாக்கித் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எஃபிக்குப் பணத்தை அனுப்பிவிட்டுச் சாப்பிடலாம் என்று கைபேசியைத் திறந்தாள்.

அறுநூறுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் நானூறுகூட இல்லை.

திரையை மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். வீட்டு வரி போயிருந்தது. மின்சாரமும் போயிருந்தது. இரண்டுக்கும் பக்கத்தில் இன்றைய தேதி.

"திருட்டுப் பசங்களா, லீவு நாள்ல வந்து எடுத்திருக்கீங்களே!" என்று சமையலறையில் யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துக் கத்தினாள்.

ஊரில் வங்கிக் கிளை பூட்டிக் கிடந்தது. தொலைபேசியில் மட்டும் ஆள் இருந்தது. அரைமணி நேரம் குழல் இசை கேட்ட பிறகு ஒரு இளைஞன் பேசினான். இங்கிலாந்தின் சண்டர்லண்டில் இருந்து பேசுகிறான் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"சொல்லுங்க மேடம்."

"தம்பி, என் கணக்குல ரெண்டு பணம் முன்னாடியே பிடிச்சிட்டாங்க. நாளைக்குப் பிடிக்க வேண்டியது."

"பார்க்கறேன் மேடம். என்ன தேதியில பிடிப்போம்னு உங்களுக்குச் சொல்லியிருந்தாங்க?"

"ஒண்ணாம் தேதி. லீவா இருந்தா அடுத்த வேலை நாள்."

"சரி. நேத்து லீவு, இன்னிக்கு வேலை நாள். இன்னிக்குப் பிடிச்சிருக்காங்க. சரியாத்தானே இருக்கு?"

"இன்னிக்கு எப்படிப்பா வேலை நாள்? இன்னிக்கு ரெண்டாம் தேதி!"

"ஆமா மேடம், ரெண்டாம் தேதிதான்."

"லீவுப்பா!"

"எதுக்கு மேடம் லீவு?"

செங்கா கைபேசியைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை முறைத்துப் பார்த்தாள். ஒன்றாம் தேதி குடித்ததைத் தெளிய வைக்கத்தான் இரண்டாம் தேதி என்பதைப் பிறந்த குழந்தையும் அறியும் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்?

"ஸ்காட்லாந்துல லீவு தம்பி. உங்க ஊர்ல இல்லையா?"

"இல்லையே. நான் காலையிலேர்ந்து உட்கார்ந்திருக்கேனே." அவன் குரலில் பொறாமை தெரிந்தது. "பணம் போறது வர்றது எல்லாம் இங்கிலாந்து காலண்டர்படிதான் மேடம். நீங்க எந்த ஊர்ல இருந்தாலும் அப்படித்தான்."

"எப்பலேர்ந்து?"

"எனக்குத் தெரிஞ்சு எப்பவுமே அப்படித்தான்."

ஒன்பது வருடமாக இரண்டாம் தேதி பணம் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. சீட்டுப் பணம் டப்பாவில் பத்திரமாக இருந்ததால் அவள் கவனித்ததே இல்லை.

பையன் நல்ல பையன். அவள் குரல் இறங்கியதைக் கேட்டு மெதுவாகச் சொன்னான். "மேடம், டைரக்ட் டெபிட்டுக்கு ஒரு உத்தரவாதம் இருக்கு. சொன்ன தேதிக்கு முன்னாடி பிடிச்சிருந்தாங்கன்னா, நாங்க முழுப் பணத்தையும் உடனே திருப்பிப் போட்டுடுவோம். அதனால நான் கேட்டாகணும். சொன்ன தேதிக்கு முன்னாடி பிடிச்சிட்டாங்களா? ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்லை."

ஒரே ஒரு 'ஆமா'. மத்தியானத்துக்குள் பணம் வந்துவிடும். எஃபிக்குக் கார். மின்சாரக் கம்பெனிக்காரன் இதனால் பிச்சை எடுக்கப் போவதில்லை. அடுத்த வாரம் அவளே கட்டிவிடப் போகிறாள். யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஆனால் போன வருடம்தான் டோரீனைச் சீட்டிலிருந்து நீக்கியிருந்தாள். பணம் கட்டாமலே கட்டிவிட்டேன் என்று சொன்னதற்காக. டோரீனும் அன்று இதையேதான் சொன்னாள், அடுத்த வாரம் கட்டத்தானே போறேன், யாருக்கு என்ன நஷ்டம் என்று.

"இல்லப்பா," என்றாள் செங்கா. "அவங்க சரியாத்தான் பிடிச்சிருக்காங்க. நான்தான் நாளைத் தப்பா வெச்சுக்கிட்டேன்."

"மன்னிக்கணும் மேடம்."

"நீ எதுக்குப்பா? உனக்கு லீவும் இல்ல, பாவம். புத்தாண்டு வாழ்த்துகள்."

போனை வைத்ததும் அக்காளைக் கூப்பிட்டாள். நெட்டா முழுக் கதையையும் கேட்டாள். நடுவில் நாலு தடவை உச்சுக் கொட்டினாள்.

"நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். டப்பாவுல வையின்னு சொன்னேனா இல்லையா? கேட்டியா? போன்ல வருதாம், போன்ல போகுதாம். போன் என்ன நம்ம அம்மாவா, பத்திரமா வெச்சுக்க? காசுன்னா கையில இருக்கணும்டி. இப்ப என்னையே எடுத்துக்க, என் பென்ஷன்..." என்று தொடங்கிய நெட்டா சட்டென்று நிறுத்தினாள். கைபேசித் திரையைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அக்கா? இருக்கியா?"

"அடப் பாவிகளா," என்றாள் நெட்டா. "என் வீட்டு வரியும் போச்சுடி!"

செங்காவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதே. என்கிட்ட கையில நாப்பது பவுண்டு இருக்கு. எடுத்துட்டு வரேன். எஃபி வீட்டுக்குத்தானே போறே? நீ பாட்டுக்குத் தனியா போய் நிக்காதே."

மழைத் தூறலில் மேட்டுத் தெருவை ஏறுவதற்குள் செங்காவுக்கு மூச்சு வாங்கியது. இதைத்தானே இந்தப் பெண் தினமும் விடியற்காலையில் இறங்கி வருகிறாள் என்று நினைத்தபோது இன்னும் வாங்கியது. எஃபி குளியல் அங்கியோடு கதவைத் திறந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க செங்காக்கா! பணத்தைக் கையிலயே கொண்டுவந்துட்டீங்களா?"

செங்கா வாசலிலேயே நின்று சொல்லிவிட்டாள். உள்ளே போய் உட்கார்ந்து சொன்னால் சொல்ல வராது என்று அவளுக்குத் தெரியும். எஃபியின் முகத்தில் இருந்த சிரிப்பு, அடுப்பை அணைத்ததும் அமுங்கிப்போகும் மாவு போல இறங்கியது.

"விளையாடாதீங்கக்கா."

"விளையாடல கண்ணு. நாளைக்குச் சம்பளம் வந்ததும் மொத்தமும் உன்னோடது. இன்னிக்கு முன்னூத்து எண்பதுதான் இருக்கு. நெட்டாக்கா நாப்பது கொண்டுவரா."

"அந்த ஆளு இன்னிக்கு சாயங்காலம் வரான்க்கா! கூரொக்குக்காரன் காத்துக்கிட்டிருக்கான். இந்த விலைக்கு எனக்கு வேற எவன் கார் குடுப்பான்? இன்னொரு தடவை லேட்டானேன்னா மேலாளரு என்னை வெளியில தள்ளிடுவாரு." அங்கியின் நுனியால் மூக்கைத் துடைத்தாள். "மத்தவங்கன்னா பரவாயில்ல. நீங்க போய் இப்படிப் பண்ணலாமா?"

அந்தக் கடைசி வார்த்தைதான் செங்காவைச் சுட்டது. உள்ளே வந்து, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, "அவர் வரட்டும். உன் வாயால ஒண்ணும் சொல்ல வேணாம். நான் பண்ணினது, நானே பேசறேன்," என்றாள்.

கிழவருக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள். யாரும் எடுக்கவில்லை. வழியில் தங்கை மகள் வீட்டில் பகல் சாப்பாட்டுக்கு இறங்கிவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். மத்தியானத்துக்கு மேல் நெட்டா வந்தாள். நாற்பது பவுண்டையும் பெரிய சட்டி நிறையப் பருப்பு சூப்பையும் மேசையில் வைத்தாள்.

"அழுது முடிச்சாச்சா? சாப்பிடுங்க. வயித்துல ஒண்ணும் இல்லாம விலை பேசினா கிழவன் நம்மை வித்துட்டுப் போயிடுவான்."

"நெட்டாக்கா, உங்க தங்கச்சி..."

"என் தங்கச்சிய நான் திட்டிக்கறேன். நீ சூப்பைக் குடி."

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்பே வாசலில் காரின் சத்தம் கேட்டது. சன்னல் வழியாகப் பார்த்தார்கள். அடர்நீல நிறம். மழையிலும் பளபளவென்று இருந்தது, கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருக்கிறார். எஃபி ஒரு கணம் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின்னாலேயே இன்னொரு வண்டியில் மக்ஃபேடனின் தங்கை மகள் வந்து, அவரைத் திரும்ப அழைத்துப் போக இயந்திரத்தை நிறுத்தாமல் காத்திருந்தாள்.

மக்ஃபேடன் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினார். குள்ளமான, உருண்டையான மனிதர். எஃபி ஊற்றிக் கொடுத்த விஸ்கியை மறுக்கவில்லை. அவர் உட்காருவதற்குள் செங்கா தொடங்கிவிட்டாள்.

"ஐயா, ஒரு விஷயம். இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. இவ சீட்டுப் பணம் என்கிட்ட இருந்துச்சு. காலையில பேங்க்ல என் கணக்குலேர்ந்து வீட்டு வரியும் கரண்டும் பிடிச்சிட்டாங்க. இருநூறு பவுண்டுக்கிட்ட குறையுது. நாளைக்கு விடியறதுக்குள்ள..."

"எப்ப பிடிச்சாங்க?"

"இன்னிக்குக் காலையில."

கிழவர் கிளாஸைக் கீழே வைத்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நெட்டாவைப் பார்த்து, "இவங்க நேத்துலேர்ந்து இன்னும் தெளியலையா?" என்று கேட்டார்.

"நான் குடிக்கவே இல்ல ஐயா!"

"பின்னே? ரெண்டாம் தேதி பேங்கு எங்க தாயி வேலை செய்யும்?"

"செய்யுதாம். இங்கிலாந்து காலண்டர்படியாம். பேங்குப் பையனே சொன்னான்."

"எந்த ஊர்ப் பையன்?"

"சண்டர்லண்ட்."

"அதானே பார்த்தேன்!" தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டார். "இங்கிலாந்துக்காரன் சொன்னா நம்பிடுவியா? அவன் லீவு இல்லாத கடுப்புல உன்னை ஏய்ச்சிருக்கான்."

"ஐயா, பணம் போயிருக்கு. இதோ பாருங்க." கைபேசியை நீட்டினாள்.

"கண்ணாடி கொண்டுவரல." அதைக் கையாலேயே ஒதுக்கினார். "சரி, அதை விடு. இன்னிக்கு யாரு பணம் கேட்டா?"

மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்கதானே ஐயா," என்றாள் எஃபி. "ரெண்டாம் தேதி ஆறு மணி, இல்லைன்னா கூரொக்குக்காரன்னு..."

"கார் ரெண்டாம் தேதின்னு சொன்னேன். நாளைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும், மருந்து ஊத்தி விட்டா ரெண்டு நாள் ஓட்ட முடியாது. கூரொக்குக்காரன் சனிக்கிழமை கொண்டுவாங்கறான், நான் என்ன நாய்க்குட்டியா, அவன் கூப்பிட்டப்ப ஓட? அதான் உனக்கு. பணத்தை ரெண்டாம் தேதி எவனாவது கேப்பானா? அனுப்பினாத்தான் வந்து சேருமா? எல்லாம் பூட்டிக் கிடக்கு."

செங்கா வாயைத் திறந்தாள். இன்று அனுப்பினால் இன்றே வந்து சேரும் என்று சொல்ல வேண்டியது அவளுடைய கடமை என்று அவளுக்குத் தோன்றியது. மேசைக்கு அடியில் நெட்டாவின் கனமான பூட்ஸ் அவள் கால் கட்டை விரல் மேல் வந்து இறங்கியது.

"ஆ! இல்லைங்கய்யா, இப்ப எல்லாம் லீவு நாள்லகூட அனுப்பினா..."

"இன்னும் ரெண்டு கரண்டி சூப் ஊத்தவா?" என்றாள் நெட்டா.

"ஊத்து தாயி. இந்தம்மாவுக்கும் கொஞ்சம் குடு, பாவம், உளறிக்கிட்டே இருக்கு."

சூப்பை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, சாவியை எஃபியின் பக்கம் தள்ளினார். வண்டிப் பத்திரத்தை மட்டும் கோட்டுப் பையில் திரும்ப வைத்து மேலே ஒரு தட்டுத் தட்டினார்.

"பணம் வந்ததும் இதைத் தபால்ல போடறேன். வெள்ளிக்கிழமை வரலைன்னா சனிக்கிழமை வந்து நிப்பேன், தெரியும்ல?" எழுந்தவர் வாசலில் திரும்பி செங்காவைப் பார்த்தார். "ஆமா, குறையுதுன்னு நீயா எதுக்குச் சொன்னே? பேசாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்லையே."

"உங்களுக்குத் தெரியாட்டி என்ன, எனக்குத் தெரியுமே."

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு எஃபியிடம் சொன்னார்: "இவகிட்ட போட்ட பணத்தை எடுத்துடாதே."

கார் சத்தம் தேய்ந்ததும் நெட்டா பொரிந்து தள்ளினாள். "ஒரு மனுஷன் தானா கதவைத் திறந்து விட்டா, இவ போய்ப் பூட்டுப் போடப் பார்க்கறா! உன்னை எல்லாம்..."

எஃபி சாவியை உள்ளங்கையில் வைத்து மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள். பிறகு செங்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் தோளில் தலையால் ஒரு இடி இடித்தாள்.

"காலையில உங்க வாசல்ல வந்து ஹாரன் அடிப்பேன்க்கா. மூணரைக்கு ரெடியா இருங்க."

அப்படியே வந்தாள். புதுக் காரில் கிழவரின் புகையிலை வாசம் இன்னும் போகவில்லை. செங்கா ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கைபேசியைத் திறந்தாள். சம்பளம் வந்திருந்தது. அறுநூறையும் அந்த இடத்திலேயே அனுப்பினாள். எஃபியின் பையில் 'டிங்' என்று சத்தம் கேட்ட பிறகுதான் பெல்ட்டைப் போட்டாள். இடைவேளையில் பத்துப் பெண்களிடமும் நடந்ததை எதையும் விடாமல் சொல்லிவிட வேண்டும், சீட்டுக்கென்று தனிக் கணக்குத் திறக்க வேண்டும், அதில் ஒரு பில்லும் வாலாட்டக் கூடாது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"சொல்லுங்க, சொல்லுங்க. நீங்க சொன்னதும் எல்லாரும் அவங்கவங்க போனைப் பார்த்து அலறப் போறாங்க," என்று எஃபி சிரித்தாள். ஆலை விளக்குகள் தெரியத் தொடங்கின. மேட்டிலிருந்து இறங்கி, வழியில் செங்காவையும் ஏற்றிக்கொண்டு வருவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"தினமும் என்னை ஏத்திக்கிட்டா பெட்ரோல்ல பாதி நான் தருவேன். ஓசில வர மாட்டேன்."

"சரிக்கா. மாசா மாசம் ஒண்ணாம் தேதி உங்க கணக்குலேர்ந்து தானா பிடிச்சுக்கற மாதிரி போட்டுடவா?"

"கையில வாங்கிக்கடி கழுதை," என்றாள் செங்கா.